நிலையம் எண் ஒன்று

மாரிஸ் பன்னிரண்டு வருடமாகக் கோலாலம்பூரில், கைப்பேசிச் செயலியில் கூப்பிட்டால் வரும் இ-ஹெய்லிங் வாடகைக் கார் ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் அவர் கல்யாணத்துக்கு ஏற்றிக்கொண்டுபோன மணப்பெண்கள் பதினேழு பேர். அதில் ஒருத்தி பாதி வழியில் மனம் மாறி, "அங்கிள், யு-டர்ன் அடிங்க" என்று சொல்ல, அவரும் கேள்வி கேட்காமல் அடித்திருக்கிறார். ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் கொண்டுபோய் விட்டவருக்குத் தனக்கென்று ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. தன் மகள் லூசியைத் தன் காரில், தன் கையால் ஓட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து நகரமான கிள்ளானின் தேவாலய வாசலில் இறக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருமணத் திருப்பலி. மாப்பிள்ளை ஷான் கிள்ளான்காரர்.

இதில் சிக்கல் வர என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். மாரிஸும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அவருடைய கார் மின்சாரக் கார்.

போன வருடம் வாங்கியது. வெள்ளை நிறம். ஓட்டினால் சத்தமே வராது, புகையும் வராது. பிரிக்பீல்ட்ஸில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் அதற்கு மின்சாரமும் வராது. வாங்கிய புதிதில் எட்டாவது மாடி ஜன்னலிலிருந்து கார் நிறுத்துமிடம் வரைக்கும் வயர் இறக்கிப் பார்த்தார். ஐந்தாவது மாடியில் ஓர் ஆன்டி அதில் துணி காயப் போட்டுவிட்டார். நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றிலிருந்து மாரிஸ் பேரங்காடிகளின் அடித்தளங்களில் வரிசையில் நின்று, முன்னால் இருப்பவர் சினிமா பார்த்துவிட்டு வரும்வரை காத்திருந்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவர் வீட்டுக்கு எதிரிலேயே, சாலையோரக் கார் நிறுத்துமிடத்தில், ஒரு விரைவு மின்னேற்றக் கருவி வந்து நின்றது. வைத்தது கிள்ளான் பள்ளத்தாக்கு மின்வாகன விரைவு மின்னேற்ற விரிவாக்க வாரியம். இந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கைப்பேசி சார்ஜ் ஆகிவிடும் என்பதால், இனி நாம் வாரியம் என்றே வைத்துக்கொள்வோம்.

கருவி நன்றாக வேலை செய்யும். மின் இணைப்புக் கொடுத்தாயிற்று, சோதித்தும் பார்த்தாயிற்று. இருபது நிமிடத்தில் காருக்கு எண்பது விழுக்காடு ஏற்றிவிடும். அதன்மேல் மஞ்சள் வெல்வெட் துணி போர்த்தி, கீழே ஒரு முடிச்சும் போட்டிருந்தார்கள். எட்டு மாதமாக அது அப்படியேதான் நின்றது, ஏனென்றால் திறப்பு விழா நடக்கவில்லை.

திறப்பு விழா நடக்காத ஒன்றை நம் ஊரில் யாரும் பயன்படுத்துவதில்லை. பாலம் கட்டி முடித்தாலும், டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டும்வரை ஆற்றைச் சுற்றிக்கொண்டுதான் போகிறோம். வாரியம் இதை நன்றாக உணர்ந்த வாரியம். அதில் மொத்தம் நாற்பத்தொரு ஊழியர்கள். மின்சாரம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். பழுதுப் பிரிவில் எட்டுப் பேர். மீதிப் பேர் விழாப் பிரிவு.

விழாப் பிரிவின் தலைமை அதிகாரி மலர்விழி ஒரு நாள் மாரிஸின் கதவைத் தட்டினார். கையில் கோப்பு, கழுத்தில் அட்டை, முகத்தில் வாழ்த்துச் செய்தி.

"அங்கிள், கங்கிராட்ஸ். நீங்கதான் எங்க முதல் பயனாளர்."

"நானா? எப்படிம்மா?"

"எல்லா அளவுகோலும் வச்சுப் பார்த்துதான் தேர்ந்தெடுத்தோம். இந்தத் தெருவுல மின்சாரக் கார் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

முதல் பயனாளருக்கு ஒரு வருடம் சார்ஜ் இலவசம். மாரிஸுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி குளோரியா கோப்பி கலக்கப் போனார். திரும்பி வருவதற்குள் மாரிஸ் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குப் பிறகுதான் மலர்விழி நிபந்தனையைச் சொன்னார்.

"விழா வரைக்கும் நீங்க வேற எங்கயும் சார்ஜ் போடக்கூடாது அங்கிள். பேட்டரி அஞ்சு பெர்சன்டுக்குக் கீழதான் இருக்கணும்."

"அது ஏம்மா?"

"எங்க தலைவர் டத்தோ பிளக்கைச் சொருகுவார். பெரிய திரையில நம்பர் ஏறும். நாலுல இருந்து எண்பது ஏறுனா ஜனங்க கை தட்டுவாங்க. எழுபத்தெட்டுல இருந்து எண்பது ஏறுனா யார் தட்டுவா, சொல்லுங்க?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. விழா வரும் வியாழக்கிழமைதானே என்று மாரிஸ் ஒப்புக்கொண்டார். பேட்டரி நான்கு விழுக்காட்டுக்கு வரும்வரை காரை ஊர் சுற்றி ஓட்டி, கருவியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

வியாழக்கிழமை விழா நடக்கவில்லை. வாரியத் தலைவர் டத்தோ சபாபதி ஆய்வுப் பயணமாக நார்வே போயிருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமையும் நடக்கவில்லை. வெல்வெட் துணியில் காக்கை தன் கருத்தைத் தெரிவித்திருந்ததால் புதுத் துணிக்கு விலைப்புள்ளி கேட்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் துணி வந்துவிட்டது, டத்தோவும் வந்துவிட்டார், ஆனால் நாதஸ்வரக் குழு வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டது. பிளக் சொருகும்போது வரும் 'டக்' என்ற சத்தம் விழாவுக்குப் போதாது என்று விழாப் பிரிவு ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. அந்த நொடியில் கெட்டிமேளம் கொட்டியாக வேண்டும்.

விழாதான் நடக்கவில்லையே தவிர, ஒத்திகை நாள் தவறாமல் நடந்தது. தினமும் காலையில் மாரிஸ் காரைப் பத்தடி பின்னால் தள்ளிக்கொண்டுபோய், மறுபடி பத்தடி முன்னால் தள்ளிக்கொண்டுவர வேண்டும். ஓட்டினால் பேட்டரி தீர்ந்துவிடும் அல்லவா. டத்தோவுக்குப் பதிலாக ஒரு விளக்குமாற்றுக்குக் கழுத்துப்பட்டை கட்டி நிறுத்தியிருந்தார்கள். அது வரும்போது மாரிஸ் எழுந்து நின்று வணங்க வேண்டும். இரண்டாம் நாள் அவர் சரியாகக் குனியவில்லை என்று மலர்விழி வருத்தப்பட்டார்.

"துடைப்பம்தானேம்மா."

"இப்ப துடைப்பம்னு நினைச்சீங்கன்னா, அன்னிக்கு டத்தோவையும் அப்படித்தான் அங்கிள் நினைப்பீங்க."

இப்படியே பத்தொன்பது நாள் ஓடியது. மாரிஸ் தொழிலுக்குப் போகவில்லை. கார் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் ஒரு புதன்கிழமை மலர்விழி ஓடி வந்தார்.

"தேதி கிடைச்சாச்சு அங்கிள்! சனிக்கிழமை காலை ஏழு மணி. இனிமே மாறாது. பேனர்ல அச்சடிச்சாச்சு."

மாரிஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சனிக்கிழமை என் மக கல்யாணம்மா. பத்து மணிக்குக் கிள்ளான்ல இருக்கணும்."

மலர்விழி கோப்பைப் புரட்டினார். கல்யாணம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "அதுக்கென்ன அங்கிள்? ஏழு மணிக்கு டத்தோ வருவார். ஏழு பத்துக்குப் பிளக். ஏழரைக்கு உங்க பேட்டரி எண்பது. ஃபெடரல் ஹைவேல போனா எட்டரைக்கெல்லாம் கிள்ளான். காலைச் சாப்பாடே அங்க போய் சாப்பிடலாம்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. குளோரியாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "என்னங்க, பேசாம வேற கார் புக் பண்ணிடலாம். உங்க ஆசைக்காகப் பொண்ணு வாழ்க்கைல விளையாடாதீங்க" என்றார்.  பதினேழு பெண்களை ஏற்றிக்கொண்டுபோனவர், சொந்த மகளை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார்.  லூசிதான் முடிவாகச் சொன்னாள்: "மம்மி, டாடி காருலதான் நான் போவேன். விடுங்க."

சனிக்கிழமை விடிந்தது. உறவினர்கள் எல்லாரும் முதல் நாளே கிள்ளானுக்குப் போய்விட்டார்கள். லூசிக்கு அலங்காரம் கீழே இருந்த அழகு நிலையத்தில் நடந்தது. வெள்ளைக் கவுன், அதற்குக் கீழே வளையம் வைத்த பாவாடை, பின்னால் ஒன்பது அடிக்கு வால். நேராகக் கிளம்பிவிடலாம் என்பதால் ஆறே முக்காலுக்கே அவளைக் காரின் பின் சீட்டில் ஏற்றினார்கள். குளோரியாவும் அழகு நிலைய அக்காவும் சேர்ந்து கவுனை மடித்து, அழுத்தி, திணித்துக் கதவைச் சாத்துவதற்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. "இனிமே கிள்ளான் வரைக்கும் இறக்காதீங்க. ஒரு தடவை வெளிய வந்துச்சுன்னா மறுபடி உள்ள போகாது. கிழிஞ்சிடும்" என்று அக்கா எச்சரித்துவிட்டுப் போனார்.

காரின் முன்பக்கத்தில், இரண்டு கண்ணாடிகளிலிருந்தும் மூக்கு வரைக்கும், குளோரியா வெள்ளை சாட்டின் ரிப்பன் கட்டி நடுவில் ஒரு பூவும் வைத்திருந்தார். ஓரடி தள்ளிக் கருவியைச் சுற்றி வாரியத்தின் சிவப்பு ரிப்பன். இரண்டும் பார்க்க அழகாகவே இருந்தன.

ஏழு மணிக்கு டத்தோ வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. நாற்காலிகள் வந்தன, நாதஸ்வரக் குழு வந்தது, பந்தலுக்குக் கீழே தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்கள் வந்தன. ஏர்கான் போட்டால் பேட்டரி போய்விடும் என்று லூசி உள்ளே அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தாள். எட்டு ஐந்துக்கு டத்தோ சபாபதியின் கார் வந்தது. அது பெட்ரோல் கார். உள்ளே அவர் குளிரக் குளிர உட்கார்ந்திருந்தார்.

வணக்கம், மாலை, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிந்து டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தபோது மணி எட்டு இருபது.

"அன்பர்களே! விரைவு, விரைவு என்கிறார்கள். விரைவு என்றால் என்ன? அவசரப்படாமல் செய்வதுதான் விரைவு. இந்த ஒரு கருவியை வைக்க நாங்கள் மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம். வேறு யாராவது செய்திருந்தால் இதே மூன்று ஆண்டில் முந்நூறு கருவி வைத்திருப்பார்கள். தரம் என்ன ஆகியிருக்கும்?"

கைதட்டல்.

"நான் நார்வேக்குப் போனேன். குளிராக இருந்தது. திரும்பி வந்து, கோட்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். அங்கே எங்கே பார்த்தாலும் மின்னேற்ற நிலையம். கடைக்கு முன்னால் நிலையம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிலையம். நான் கேட்டேன், இதையெல்லாம் யார் திறந்து வைத்தது? அவர்களுக்குத் தெரியவில்லை! ஒரு கல்வெட்டு இல்லை. ஒரு வெல்வெட் இல்லை. ஜனங்கள் பாட்டுக்கு வந்து சொருகிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அந்த நிலைமை நம் மக்களுக்கு வரக்கூடாது என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்."

மாரிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டத்தோ நார்வேயை முடித்துவிட்டு ஸ்வீடனுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். இரண்டு நாட்டுக்கும் இடையில் எல்லையில் அவருக்குக் கொடுத்த சூப்பைப் பற்றியே ஐந்து நிமிடம் ஆயிற்று.

எட்டே முக்காலுக்கு அவர் மேடையை விட்டு இறங்கினார். பட்டுத் தலையணையில் கத்தரிக்கோல் வந்தது. டத்தோவுக்கு ரிப்பன் வெட்டுவதில் முப்பது வருட அனுபவம். புதியவர்கள்தான் ரிப்பனைப் பார்த்து வெட்டுவார்கள். அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே வெட்டுவார், கை தானாகப் போய் ரிப்பனைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அன்றைக்கும் அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார், கை போயிற்று, கண்டுபிடித்தது, வெட்டியது. கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் பூ தூவினார்கள்.

"டாடி! என் ரிப்பன்!" என்று காருக்குள்ளிருந்து லூசி கத்தினாள்.

வெள்ளை சாட்டின் ரிப்பன் இரண்டாக வெட்டுப்பட்டு, கார் மூக்கின் இரண்டு பக்கமும் தொங்கியது. சிவப்பு ரிப்பன் கருவியைச் சுற்றி முழுசாக இருந்தது. ஆனால் அறிவிப்பாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: "பள்ளத்தாக்கின் முதல் விரைவு மின்னேற்ற நிலையத்தை மாண்புமிகு டத்தோ அவர்கள் தம் பொற்கரங்களால் இதோ திறந்து வைத்துவிட்டார்!"

மாரிஸ் மலர்விழியிடம் ஓடினார். "பரவால்ல லா, ஒரு ரிப்பன்தானே. அந்தச் சிவப்பையும் வெட்டச் சொல்லும்மா. சீக்கிரம் சொருகுங்க."

மலர்விழி மெதுவாகத் தலையை ஆட்டினார். "அதை வெட்டினா, முதல்ல வெட்டினது தப்புன்னு ஆயிடும் அங்கிள்."

"தப்புதானே?"

"டத்தோ தப்பு செஞ்சா நிரப்புறதுக்கு எங்ககிட்ட ஃபார்ம் இல்லை."

விஷயம் டத்தோவின் காதுக்குப் போனது. அவர் காரை ஒருமுறை பார்த்தார், கருவியை ஒருமுறை பார்த்தார். பெரிய மனிதர்களுக்கு முடிவெடுக்க அதிக நேரம் ஆகாது. "நான் எதைத் திறந்து வைத்தேனோ அதுதான் நிலையம்" என்று சொல்லிவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போனார்.

அதன் பிறகு எல்லாமே விதிப்படி நடந்தது. கருவி இன்னும் திறக்கப்படாத பொருள் என்பதால் வெல்வெட் துணியை மறுபடி இறுக்கி முடிச்சுப் போட்டார்கள். பளிங்குக் கல்வெட்டை இரட்டைப் பக்க டேப் ஒட்டி காரின் பானெட்டில் பதித்தார்கள். கதவில் 'நிலையம் எண் 1' என்று பச்சை ஒட்டுவில்லை. காரைச் சுற்றி மஞ்சள் கோடு. மின்சாரப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும், "மேடம், இது கார். இதுலருந்து கரண்ட் வராது" என்று முணுமுணுத்தார். தொழில்நுட்ப விவரங்களை விழாவன்று பேச வேண்டாம் என்று அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டார்கள்.

"அம்மா, எனக்கு வண்டி வேணும்" என்றார் மாரிஸ்.  "மணி ஒம்பது ஆச்சும்மா. பொண்ணு உள்ள இருக்கா."

"பொதுச் சொத்து அங்கிள் இது இப்ப. நிலையத்தை எப்படி ஓட்டிட்டுப் போவீங்க? அப்புறம் பயனாளர்கள் வந்து நிப்பாங்களே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பயனாளர் வந்து நின்றார். தள்ளுவண்டி இழுக்கும் மின்சார மோட்டார்சைக்கிளில் டௌஃபு என்ற சோயாக் கட்டி விற்கும் சீனப் பெரியவர். வில்லையைப் படித்தார், கல்வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"பாஸ், இது ஃபாஸ்ட் சார்ஜரா, ஸ்லோ சார்ஜரா?"

"அங்கிள், இது என் கார்" என்றார் மாரிஸ்.

"தெரியுது லா. ஸ்பீடு எவ்ளோ?"

பிரிக்பீல்ட்ஸில் முப்பது வருடம் வியாபாரம் செய்தவரை எதுவும் ஆச்சரியப்படுத்தாது. மலர்விழி அவருக்கு வரிசை எண் கொடுத்தார். அவர் தன் வயரை எடுத்துக் காரின் துளையில் வைத்துப் பார்த்தார். அதுவும் இதுவும் பொருந்தவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே வியர்த்து வழிந்துகொண்டு ஒரு மணப்பெண் அழுதுகொண்டிருந்தாள். "கவுன்டர்ல இருக்கிற பொண்ணு பதில் சொல்ல மாட்டேங்குது" என்று மலர்விழியிடம் சொன்னார். "மிஷினு கெட்டுப்போச்சு. நான் கம்ப்ளெயின்ட் பண்ணணும்."

மலர்விழியின் முகம் வெளுத்தது. "புகாரா? எங்க வாரியத்துல இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லையே!"

நிலையமே இல்லாத வாரியத்துக்குப் புகார் எப்படி வரும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அழுகைக்குப் பக்கத்தில் போய்விட்ட மாரிஸுக்கு, அந்த ஒரு நொடியில், இத்தனை நாளில் முதல் முறையாக மூளை வேலை செய்தது.

"ஏம்மா, நிலையம் பழுதானா என்ன செய்வீங்க?"

"பழுதுப் பிரிவு வந்து பணிமனைக்கு ஏத்திட்டுப் போகும்."

"பணிமனை எங்க இருக்கு?"

"கிள்ளான்ல."

"எப்ப வருவாங்க?"

"உடனே அங்கிள். விரைவு வாரியம் ஆச்சே."

மாரிஸ் பேனாவைப் பிடுங்கினார். புகார்ப் படிவத்தில், பழுதின் தன்மை என்ற இடத்தில், 'கரண்ட் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டௌஃபு பெரியவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் வரிசை எண்ணை மாரிஸிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

பழுதுப் பிரிவு ஐந்தே நிமிடத்தில் வந்தது. விழாவுக்காக லோரியை அடுத்த தெருவிலேயே நிறுத்தியிருந்தார்கள். மூன்று வருடமாக அந்த எட்டுப் பேரும் லோரியைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஏதாவது கெட்டுப் போகாதா என்று காத்திருந்தவர்கள். படுக்கை லோரியின் தலையில் இரண்டு மஞ்சள் விளக்குகள் சுழன்றன. ஓட்டுநர் விஜயன் குதித்து இறங்கினார். கார்க் கதவைப் பார்த்தார், கல்வெட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியாக லூசியைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நிலையத்தோட பாகம்" என்றார் மாரிஸ்.

விஜயன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டு, பூங்கொத்து, கண்ணில் தண்ணீர். பக்கத்தில் பட்டுப் புடவையில் குளோரியா. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஏத்தும்போது பாகம் எதையும் கழட்டக் கூடாதுன்னு எங்க ரூல்ல இருக்கு" என்று மலர்விழிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எத்தனை மணிக்கு அண்ணே?"

"பத்து."

"என் தங்கச்சி கல்யாணத்துக்கே நான் லேட்டு. இன்னி வரைக்கும் சொல்லிக் காட்டுறா. ஏறுங்க. அக்கா, நீங்க என்கூட முன்னாடி வாங்க."

காரை லோரியிலிருந்த விஞ்சுப் பொறியின் கம்பியால் இழுத்து லோரியின் முதுகில் ஏற்றிச் சங்கிலியால் பிணைத்தார்கள். மாரிஸ் ஏணி வைத்து ஏறி, தன் கார்க் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

ஃபெடரல் ஹைவேயில் அன்று காலையில் போனவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். விளக்குகள் சுழல, டீசல் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு லோரி பறக்கிறது. அதன்மேல் ஒரு வெள்ளைக் கார். காருக்குள் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். லோரி வளையும் இடத்திலெல்லாம் அவரும் வளைக்கிறார். தடம் மாறும்போது சிக்னல் போடுகிறார். பின் சீட்டில் ஒரு மணப்பெண் ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று வாங்குகிறாள். பக்கத்தில் வந்த கார்கள் ஹார்ன் அடித்துக் கை காட்டின. லூசியும் கை காட்டினாள்.

"டாடி" என்றாள்.

"என்னம்மா?"

"நல்லாத்தான் ஓட்டுறீங்க."

மாரிஸ் வைப்பரைப் போட்டார். வெளியே மழை இல்லை. கண் மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது லோரி தேவாலய வாசலில் நின்றது. சாய்பலகை இறங்கியது. கார் பின்பக்கமாக வழுக்கி இறங்கியது. மாரிஸ் இறங்கி, கதவைத் திறந்து, மகளுக்குக் கை கொடுத்தார். கவுன் கிழியவில்லை. ஷானின் வீட்டார், கோலாலம்பூர்க்காரர்கள் பெரிய ஆட்கள்தான், பெண்ணை எப்படிக் கொண்டுவருகிறார்கள் பார் என்று பேசிக்கொண்டார்கள்.

திருப்பலி நல்லபடியாக நடந்தது. வாக்குறுதி, மோதிரம் எல்லாம் முடிந்து மணமக்கள் பதினொன்றரைக்கு வெளியே வந்தபோது, வாசலில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு யார் நாதஸ்வரம் சொன்னது என்று குளோரியா திகைத்தார். காரைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒலிவாங்கியோடு டத்தோ சபாபதி.

"அன்பர்களே! காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிலையம் திறந்தோம். மதியத்துக்குள் அந்த வசதி கிள்ளானுக்கு வந்துவிட்டது. மூன்று மணி நேரத்தில் இரண்டு ஊர்! நூறு விழுக்காடு விரிவாக்கம்! நார்வேயில் நடக்குமா? அங்கே நிலையங்கள் வைத்த இடத்திலேயே கிடக்கின்றன!"

கைதட்டினார்கள். டத்தோ கேமராவைப் பார்த்துக்கொண்டே ரிப்பனை வெட்டினார். கையருகில் வேறு ரிப்பன் இல்லாததால் இந்த முறை சரியானதே வெட்டுப்பட்டது.

மாரிஸ் மலர்விழியிடம் போனார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. "அம்மா, விருந்து மண்டபம் ரெண்டு தெரு தள்ளி இருக்கு. மாப்பிள்ளையும் பொண்ணும் போகணும். பேட்டரில இருந்த நாலு பெர்சன்டும் சுத்தமா தீர்ந்துபோச்சு. இந்த ஊர்ல சார்ஜ் போட எங்க போகணும்?"

மலர்விழி அவரை ஆச்சரியத்தோடு பார்த்தார். இவ்வளவு வசதி செய்து கொடுத்த பிறகும் இப்படிக் கேட்கிறாரே என்ற வருத்தம் அதில் இருந்தது.

"என்ன அங்கிள் இது? நிலையம்தான் உங்ககிட்டயே இருக்கே. அதுல போட்டுக்குங்க."

 மாரிஸ் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். லூசி வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கவுன் கிழிந்தால் கிழியட்டும் என்று பின் சீட்டில் ஏறினாள். ஷான் கோட்டைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் காரின் பின்னால் கை வைத்தார். மாப்பிள்ளைத் தோழர்கள் வைத்தார்கள், விஜயன் வைத்தார், பாடகர் குழுவும் வந்து வைத்தது. கார் அசைந்தது. வெட்டிய ரிப்பனை இழுத்துக்கொண்டு தெருவுக்குள் இறங்கியது. யாரும் ஏற்றாமல், எதன் முதுகிலும் இல்லாமல், ரோட்டில் மகளை உட்கார வைத்து மாரிஸ் ஓட்டினார்.

பின்னால் மலர்விழி ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தலையணை, மறு கையில் கத்தரிக்கோல்.

"மெதுவா, அங்கிள், மெதுவா! எங்க நிக்குதோ அதுதான் மூணாவது நிலையம்!"

மாரிஸ் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை.